பிரிவை நீக்கினால் பதிவு அழியுமா?

வீட்டுப் பரணிலோ அலுவலகத்தின் ஒரு மூலையிலோ பழைய கணிப்பொறி ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு பள்ளிக்கோ பழைய சாமான் வாங்குபவருக்கோ கொடுத்துவிட எண்ணுகிறீர்கள். கொடுப்பதற்கு முன் அதன் ஹார்டு டிஸ்க்கில் உள்ள சி, டி, இ ஆகிய பிரிவுகளை ஒவ்வொன்றாக நீக்கிவிடுகிறீர்கள். பிரிவுகள் எவையும் இல்லை என்று திரை அறிவிக்கிறது. உங்கள் கடிதங்கள், வரவு செலவுக் கணக்கு, குடும்பப் படங்கள் யாவும் மறைந்துவிட்டன என்ற நிம்மதியோடு கணிப்பொறியை ஒப்படைக்கிறீர்கள்.

அந்த நிம்மதிக்கு அடிப்படை உண்டா?

அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தின் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவரும் இக்கேள்விக்கு விடை காண முயன்றனர். 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை அவர்கள் பல இடங்களில் விற்பனைக்கு வந்த 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை விலைக்கு வாங்கினர். அவற்றுள் 129 இயங்கும் நிலையில் இருந்தன. முறையாகத் துடைக்கப்பட்டவை எத்தனை என்று நினைக்கிறீர்கள்? பன்னிரண்டே பன்னிரண்டு! மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் வெளிவந்தன. ஒரு டிஸ்க், இல்லினாய் மாநிலத்தில் வங்கிப் பணம் வழங்கும் இயந்திரம் ஒன்றினுள் இருந்தது. வாடிக்கையாளர்களின் கணக்கு எண்கள் அதில் அப்படியே இருந்தன. அந்த டிஸ்க்குகளை விற்றவர்களுள் பலர் தாம் அழித்துவிட்டதாகவே நம்பியிருந்தனர். 2003-இல் வெளியான அவ்வாய்வுக் கட்டுரை கணிப்பொறித் துறையில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.

பிரிவை நீக்குவது ஒரு செயல். பதிவை அழிப்பது வேறு ஒரு செயல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டுமானால், டிஸ்க்கின் உள்ளே நடப்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

வட்டின்மேல் காந்த வரிசை

ஹார்டு டிஸ்க்கின் பெட்டிக்குள் அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வழவழப்பான வட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் காந்தப் பொருள் மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகள் இருந்தன. அதன் எடை ஒரு டன்னுக்கும் மேல். கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துகள்தாம்! அன்றைய வட்டுகளில் இரும்பு ஆக்சைடு பூசப்பட்டது. ஏறத்தாழத் துரு நிறத்தில் இருக்கும். பின்னாளில் கோபால்ட் கலந்த உலோகப் படலம் அதன் இடத்தைப் பிடித்தது.

இப்பூச்சு எண்ணற்ற நுண்ணிய காந்தங்களாகச் செயல்படுகிறது. வட்டின் மேல் மயிரிழையினும் குறைவான உயரத்தில் மிதந்து செல்லும் ஹெட் எனும் பகுதியில் சிறு மின்காந்தம் உள்ளது. அதில் மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் கீழே உள்ள பூச்சு ஒரு திசையில் காந்தமாகிறது. மின்னோட்டத்தைத் திருப்பினால் காந்தத் திசையும் திரும்புகிறது. திசை திரும்பும் இடங்களின் வரிசையே பதிவு. பழைய டிஸ்க்குகளில் இதைப் படிப்பது ஃபாரடேயின் தூண்டல் விதிப்படி நடந்தது. பாயம் மாறும் இடத்தில்தான் கம்பிச் சுருளில் மின் இயக்கு விசை தோன்றும் என்பது நீங்கள் பள்ளியில் படித்ததே. 1997 இறுதி முதல் பெருங்காந்த மின்தடை என்ற விளைவைப் பயன்படுத்தும் ஹெட்டுகள் விற்பனைக்கு வந்தன. அவ்விளைவை 1988-இல் கண்டறிந்த ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் இருவரும் 2007-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

நம் கேள்விக்கு முக்கியமானது காந்தத் தயக்கம். மேல்நிலை வகுப்பில் தயக்கக் கண்ணியை வரைந்திருப்பீர்கள். புறக் காந்தப் புலத்தை அகற்றிய பின்னும் பொருளில் காந்தத் தன்மை தேங்கி நிற்கும். அதைப் போக்க வேண்டுமானால் எதிர்த்திசையில் குறிப்பிட்ட அளவு புலத்தைச் செலுத்தியாக வேண்டும். இதுவே காந்த நீக்குத்திறன். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துபோகும் இந்தச் சொல்லுக்குள்தான் ஹார்டு டிஸ்க்கின் உயிரே இருக்கிறது. மின்சாரம் போனாலும், பத்தாண்டு பரணில் கிடந்தாலும், எழுதப்பட்ட பதிவு நிலைப்பதற்குக் காரணம் இதுவே. மற்றொன்றையும் இதிலிருந்து உய்த்துணரலாம்: ஓரிடத்தில் உள்ள பதிவு போக வேண்டுமானால், அந்த இடத்தின் மேல் ஹெட் மீண்டும் சென்று வேறொன்றை எழுத வேண்டும். நீங்கள் பிரிவை நீக்கும்போது ஹெட் எங்கெல்லாம் செல்கிறது?

பட்டாவும் வயலும்

ஒரு கிராமத்து நிலத்தை எண்ணிப் பாருங்கள். இன்ன சர்வே எண், இந்த எல்லையிலிருந்து இத்தனை ஏக்கர், நஞ்சையா புஞ்சையா என்ற விவரமெல்லாம் கிராமக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் வயலில் நிற்கும் நெல் மறைந்துவிடுமா? வரப்புகூட அழியாது.

ஹார்டு டிஸ்க்கின் கிராமக் கணக்கு அதன் முதல் செக்டாரில் உள்ளது. செக்டார் என்பது 512 பைட் கொள்ளும் சிறு துண்டு. 1983-இல் ஐ.பி.எம். தன் எக்ஸ்.டி. கணிப்பொறியை 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க்குடன் வெளியிட்டபோது இந்த ஏற்பாடு வந்தது. முதல் 446 பைட்டுகளில் கணிப்பொறியைத் தொடக்கிவைக்கும் ஒரு சிறு நிரல். அடுத்த 64 பைட்டுகளில் பிரிவுகளின் அட்டவணை. கடைசி இரண்டு பைட்டுகளில் 85, 170 என்ற எண்கள் அடையாள முத்திரையாக நிற்கும். அட்டவணையில் நான்கே வரிகள். ஒவ்வொன்றும் 16 பைட். அப்பிரிவு எங்கே தொடங்குகிறது, எத்தனை செக்டார் நீளம், கணிப்பொறி அதிலிருந்து கிளம்ப வேண்டுமா, அது எவ்வகைப் பிரிவு என்ற செய்திகள் ஒவ்வொரு வரியிலும் அடங்கும். வகையைக் குறிக்க ஒரு பைட். விண்டோஸ் 98 பயன்படுத்திய ஃபேட்32 பிரிவுக்கு 11 அல்லது 12, என்.டி.எஃப்.எஸ். பிரிவுக்கு 7, லினக்ஸுக்கு 131 என்று எண்கள் உண்டு.

பிரிவை நீக்கும்போது நடப்பது, அந்த 16 பைட் வரியைச் சுழியங்களாக்குவது மட்டுமே. நான்கு வரிகளையும் அழித்தாலும் 64 பைட்தான். 40 கிகாபைட் டிஸ்க் ஒன்றில் இது 62.5 கோடியில் ஒரு பங்கு! மற்ற இடங்களின் மேல் ஹெட் செல்லவே இல்லை. அங்கே காந்தத் திசைகள் முன்பு இருந்தபடியே இருக்கின்றன.

ஃபார்மட் செய்தால் போகுமே என்று சிலர் கேட்கலாம். டாஸ், விண்டோஸ் 98 காலத்து ஃபார்மட் கட்டளை ஹார்டு டிஸ்க்கில் நெடுநேரம் ஓடும். சதவீதம் ஒவ்வொன்றாக ஏறும். ஆனால் அது பெரும்பாலும் பழுதான செக்டார் உண்டா என்று படித்துப் பார்க்கும் வேலையே. எழுதுவது கோப்பு அட்டவணையையும் முதன்மைப் பட்டியலையும் மட்டும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்துதான் முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் சுழியங்களை எழுதத் தொடங்கியது. ஒரு தனிக் கோப்பை அழிப்பதும் இப்படித்தான். டாஸ் முறையில் கோப்புப் பெயரின் முதல் எழுத்துக்குப் பதிலாக 229 என்ற எண் எழுதப்படும். அந்தக் கோப்பு இருந்த இடங்கள் காலி எனக் குறிக்கப்படும். கோப்பின் உடல் அங்கேயே கிடக்கும்.

இதையெல்லாம் வடிவமைத்தவர்களின் கவனக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். அன்றைய வட்டுகள் மெதுவானவை. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் உடலையும் துடைக்க வேண்டுமென்றால் பயன்படுத்துபவர் பொறுமை இழந்திருப்பார். கணக்கை மட்டும் திருத்துவது அக்காலத்துக்கேற்ற சிக்கனமே.

நீக்கும் முறை

பழைய கணிப்பொறியில் பிரிவுகளை நீக்க எஃப்டிஸ்க் என்ற நிரல் உண்டு. விண்டோஸ் 98 தொடக்கப் பிளாப்பியில் அது இருக்கும். பிளாப்பியைச் செருகிக் கணிப்பொறியை இயக்கி, எஃப்டிஸ்க் எனத் தட்டச்சு செய்தால், பெரிய டிஸ்க்குகளுக்கான ஆதரவு வேண்டுமா என்று முதலில் கேட்கும். வேண்டும் என்று விடை கொடுங்கள். பின்னர் வரும் பட்டியலில் 1 உருவாக்க, 2 எந்தப் பிரிவிலிருந்து கிளம்புவது என்று குறிக்க, 3 நீக்க, 4 பார்க்க.

முதலில் 4-ஐ அழுத்தி உள்ளதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஒவ்வொரு பிரிவின் பெயரும் அளவும் அங்கே தெரியும். பிரதானப் பிரிவையோ உட்பிரிவையோ நீக்கும்போது அதன் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்யுமாறு நிரல் கேட்கும்; பெயரில்லாத பிரிவென்றால் வெறுமனே என்டர் விசை போதும். கணிப்பொறியில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் இருந்தால் 5 என்ற ஐந்தாவது வழியும் தோன்றும். அவ்வாறாயின் என் யோசனை: கணிப்பொறியை அணைத்து, தொடக்கூடாத டிஸ்க்கின் மின்கம்பியையே கழற்றிவிடுங்கள். எண்ணைச் சரிபார்ப்பதைக் காட்டிலும் கம்பியைக் கழற்றுவது உறுதியானது.

நீக்குவதில் ஒரு வரிசை உண்டு. அட்டவணையில் நான்கு வரிகளே உள்ளன என்றோமல்லவா? நான்குக்கு மேல் பிரிவு வேண்டுவோருக்காக, ஒரு வரியை விரிவுப் பிரிவு என ஒதுக்கி, அதனுள் பல உட்பிரிவுகளை வைக்கும் ஏற்பாடு செய்தனர். ஒவ்வோர் உட்பிரிவின் முன்னும் ஒரு சிறு அட்டவணை இருக்கும். அது தன் பிரிவையும் அடுத்த அட்டவணை இருக்குமிடத்தையும் காட்டும். சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை இவை. எனவே முதலில் உட்பிரிவுகள், அடுத்து விரிவுப் பிரிவு, கடைசியில் பிரதானப் பிரிவு என்ற வரிசையில்தான் எஃப்டிஸ்க் நீக்க விடும்.

இங்கே பலரைத் தலையைச் சொறிய வைத்த ஒரு புதிர் உண்டு. விரிவுப் பிரிவை நீக்கச் சொன்னால், உட்பிரிவுகள் இருப்பதால் முடியாது என்கிறது எஃப்டிஸ்க். சரி, உட்பிரிவை நீக்கலாம் என்று போனால், உட்பிரிவுகளே இல்லை என்கிறது! டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயந்துவிடுவோம். உண்மையில் அந்த உட்பிரிவு என்.டி.எஃப்.எஸ். வகையாகவோ லினக்ஸ் வகையாகவோ இருக்கும். சங்கிலி இருப்பது எஃப்டிஸ்க்குக்குத் தெரிகிறது. ஆனால் அந்த வகை எண் அதற்குத் தெரிந்த பட்டியலில் இல்லை. இந்நிலையில் அதனோடு மல்லுக்கட்டுவது வீண். குறுந்தகடிலிருந்து இயங்கும் லினக்ஸ் ஒன்றைக்கொண்டு நீக்கிவிடலாம்.

லினக்ஸ் பிரிவுகளை நீக்கிய பிறகு கணிப்பொறி கிளம்பாமல் நிற்பதும் உண்டு. அட்டவணையை மாற்றினோமேயன்றி முதல் 446 பைட்டுகளைத் தொடவில்லை. அங்கே அமர்ந்துள்ள லினக்ஸின் தொடக்க நிரல், இல்லாமற்போன தன் மறுபாதியைத் தேடிக்கொண்டிருக்கிறது. எஃப்டிஸ்க் என்பதோடு ஒரு சாய்கோடும் எம்.பி.ஆர். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் சேர்த்துத் தட்டச்சு செய்தால் டாஸின் நிரல் அவ்விடத்தில் மறுபடி எழுதப்படும்.

64 கிகாபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கைத் தொடக்க கால விண்டோஸ் 98-இன் எஃப்டிஸ்க் தவறான அளவில் காட்டும். அது நிரலின் குறை, டிஸ்க்கின் குறையன்று.

தவறி நீக்கிவிட்டால்

பிரிவை நீக்கினால் பதிவு அழிவதில்லை என்பது, கணிப்பொறியைப் பிறரிடம் கொடுப்பவருக்கு ஆபத்து. கைதவறி நீக்கிவிட்டவருக்கோ அதுவே வரம். ஒவ்வொரு பிரிவின் முதல் செக்டாரிலும் அதன் வகையும் அளவும் எழுதப்பட்டிருக்கும். ஃபேட்32 அச்செக்டாரின் நகலொன்றைச் சில செக்டார் தள்ளி வைத்திருக்கும்; என்.டி.எஃப்.எஸ். தன் நகலைப் பிரிவின் கடைசியில் வைக்கும். வயலின் வரப்பைப் பார்த்தே சர்வேயர் எல்லையை மறுபடி அளந்துவிடுவதுபோல், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரல் டிஸ்க் முழுவதும் தேடி இச்செக்டார்களைக் கண்டு அட்டவணையைத் திரும்ப எழுதித் தரும். ஒரே நிபந்தனை: இடையில் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதக்கூடாது. புதுப் பிரிவு உருவாக்குவது, ஃபார்மட் செய்வது, விண்டோஸை நிறுவிப் பார்ப்பது எல்லாமே கூடாது. உடனே கணிப்பொறியை அணைத்துவிட்டு, விவரமறிந்தவரை நாடுங்கள்.

உண்மையில் அழிப்பது

ஹெட் எல்லா இடத்திற்கும் சென்று எழுதினால்தான் பழையது போகும் என்று கண்டோம். ஆகவே வேண்டுவது, முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை சுழியங்களை எழுதும் ஒரு நிரல். டி.பி.ஏ.என். என்ற குறுந்தகடு இதற்கென்றே உருவானது. லினக்ஸில் இதற்கு டிடி என்ற கட்டளை உண்டு. டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பான் வழியே பிற்காலத்து விண்டோஸ் கணிப்பொறியில் மாட்டினால், டிஸ்க்பார்ட் என்ற நிரலில் 'கிளீன்', 'கிளீன் ஆல்' என இரு கட்டளைகள் இருக்கும். வெறும் 'கிளீன்' கணக்குப் புத்தகத்தை மட்டும் கிழிக்கும். 'ஆல்' சேர்த்தால் வயலையே உழுதுவிடும்! எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று மும்முறை பாருங்கள். இதிலிருந்து மீள வழியில்லை.

நேரம் எவ்வளவாகும்? நீங்களே கணக்கிடலாம். வினாடிக்கு 20 மெகாபைட் எழுதும் பழைய டிஸ்க்கில் 40 கிகாபைட்டை நிரப்ப 2,000 வினாடி, அதாவது அரை மணிக்குச் சற்று அதிகம்.

ஒரு முறை எழுதினால் போதுமா, முப்பத்தைந்து முறை எழுத வேண்டுமா என்ற விவாதம் இன்றும் கேட்கிறது. 1996-இல் பீட்டர் குட்மன் ஒரு கட்டுரையில் நுட்பமான கருத்தொன்றைச் சொன்னார். 0 இருந்த இடத்தில் 1 எழுதினால் கிடைக்கும் குறிப்பு 0.95 போலவும், 1 இருந்த இடத்தில் 1 எழுதினால் 1.05 போலவும் இருக்கும். மிக நுண்ணிய கருவி இவ்வேறுபாட்டை அறியக்கூடும் என்பது அவர் வாதம். அக்காலத்தில் வழங்கிய பல்வேறு பதிவு முறைகள் அனைத்துக்கும் சேர்த்து அவர் 35 வகை எழுத்துகளைப் பட்டியலிட்டார். ஒரே டிஸ்க்குக்கு 35-ம் தேவையில்லை என்று பின்னர் அவரே விளக்கினார். ஆனால் முப்பத்தைந்து என்ற எண்மட்டும் மந்திரம்போல் ஒட்டிக்கொண்டது. தடங்கள் நெருங்க நெருங்க, எஞ்சிய காந்தம் நிற்க இடமே இல்லாது போயிற்று. 2008-இல் கிரெய்க் ரைட்டும் அவருடன் இருவரும் செய்த ஆய்வு, ஒருமுறை மேலெழுதியபின் பொருளுள்ள பதிவு எதையும் மீட்க இயலாது என்று காட்டியது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் வழிகாட்டி நூலும் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு ஒருமுறை போதும் என்றே கூறுகிறது. 35 முறை ஓட்டினால் மின்கட்டணம் ஏறும், அவ்வளவே.

ஒரு விதிவிலக்கு உண்டு. பழுதான செக்டார்களை டிஸ்க் தானாகவே ஒதுக்கிவைத்து, மாற்று இடத்தைப் பயன்படுத்தும். ஒதுக்கப்பட்டவற்றுக்கு நம் நிரல் எட்டாது. இதற்கென டிஸ்க்கினுள்ளேயே அமைந்த துடைப்புக் கட்டளை 2001-ஐ ஒட்டிய காலத்திலிருந்து வந்த பல டிஸ்க்குகளில் உண்டு. சாதாரண வீட்டுக் கணிப்பொறிக்கு இதுபற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வங்கி, மருத்துவமனை போன்றவை கவலைப்பட்டே ஆக வேண்டும்.

காந்தத்தைத் தேய்த்தால் போதாதா? ஒலிபெருக்கியில் உள்ள காந்தத்தை டிஸ்க்கின் மேல் தடவிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுவோர் உண்டு. இரும்பு ஆக்சைடு வட்டின் காந்த நீக்குத்திறன் சில நூறு ஓர்ஸ்டெட். கோபால்ட் படலத்துக்குச் சில ஆயிரம். தூரம் கூடக்கூடக் காந்தப் புலம் வேகமாகக் குறைவதால், பெட்டியின் உறையைத் தாண்டி வட்டை அடையும்போது அவ்வளவு வலிமை எஞ்சாது. ஹெட்டை அசைக்கும் சக்திமிக்க காந்தம் டிஸ்க்கின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பதிவு கெடுவதில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். இதற்கென்றே செய்யப்படும் காந்தநீக்கக் கருவிகள் உள்ளன. ஆனால் அவை ஹெட் வழியறிய உதவும் அடையாளத் தடங்களையும் சேர்த்து அழித்துவிடும். டிஸ்க் பிறகு எதற்கும் உதவாது.

நெருப்பிலிடுவது அதைவிட மோசம். காந்தத் தன்மை முற்றும் நீங்கக் கியூரி வெப்பநிலையைத் தாண்ட வேண்டும். தூய கோபால்ட்டுக்கு அது ஏறத்தாழ 1,120 டிகிரி செல்சியஸ். கலவைப் படலத்தில் குறையும் என்றாலும், கொல்லையில் மூட்டும் தீ அதை எட்டும் என்று நம்ப முடியாது. பிளாஸ்டிக்கும் மின்சுற்று அட்டையும் எரிந்து வரும் நச்சுப்புகைதான் மிச்சம். சுழலவே மறுக்கும் டிஸ்க்கில் எழுதவும் இயலாது. அதை மட்டும் திறந்து, வட்டுகளைத் துளையிட்டோ வளைத்தோ அழித்துவிடலாம். கண்ணாடி வட்டாக இருந்தால் தூளாகத் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம்.

இங்குச் சொன்னவை யாவும் சுழலும் காந்த வட்டுகளுக்கே பொருந்தும். எஸ்.எஸ்.டி. எனும் சில்லு வகையில் எழுதும் இடத்தை அதன் உள் நிரல் இடையறாது மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதுவது முழுமையான வழியன்று. அதற்கு உற்பத்தியாளர் தரும் துடைப்புக் கட்டளையே ஏற்றது.

பயத்தினால் நல்ல டிஸ்க்கைச் சுத்தியலால் உடைத்துவிட்டு, ஹார்டு டிஸ்க் இல்லாத கணிப்பொறியைப் பள்ளிக்கு நன்கொடையாகத் தரும் அலுவலகங்கள் உள்ளன. அரை மணி நேரச் சுழியம் போதும் என்று தெரிந்தால் இப்படிச் செய்யமாட்டார்கள். துடைத்து முடித்ததும் செக்டார்களைக் காட்டும் நிரல் ஒன்றால் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் சில இடங்களைத் திறந்து பாருங்கள். எங்கும் சுழியமாக இருந்தால், எஃப்டிஸ்க்கில் 1-ஐ அழுத்திப் புதுப் பிரிவை உருவாக்கி, 2-ஐ அழுத்தி அதிலிருந்து கிளம்புமாறு குறித்து, ஃபார்மட் செய்து கொடுத்துவிடலாம்.